பூஜையில் வைக்காத கேமரா

ஆயுத பூஜை என்றால் வெங்கடம்மாளுக்குக் கை நிற்காது.

பீளமேட்டில் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து அவள் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். அரிவாள்மனைக்கு ஒன்று, ஆட்டுக்கல்லுக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று. ரேடியோவுக்கு நெற்றி எது என்று தெரியாமல் நாலு மூலையிலும் வைத்தாள். சைக்கிள் பம்புக்கும் எலிப்பொறிக்கும்கூடக் கிடைத்தது. அவள் புருஷன் சுந்தரராஜுலு மோட்டார் பம்பு பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவர். இரும்பு சோறு போடுகிற வீட்டில் இரும்பை அப்படித்தான் கும்பிடுவார்கள்.

சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள் நாத்தனார் வரலட்சுமி. சந்தனம் அரைத்தது அவள்தான். சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டது, பித்தளைப் பாத்திரம் துலக்கியது, மாவிலை கட்டியது எல்லாம் அவள்தான். குங்குமத்தை மட்டும் தொடமாட்டாள். தாராபுரத்துக்கு வாழப்போய், வருஷம் திரும்புமுன் டைபாய்டு காய்ச்சலுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தவள். தொடாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய நிலைமைக்கு அவள் விட்டதுமில்லை.

அவர்களுடைய அன்னூர்த் தோட்டத்தில் ஞாயிறுதோறும் நடந்த கூத்து வெங்கடம்மாளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வீட்டின் கடைக்குட்டி அரங்கசாமி, அண்ணன் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு மனசை சினிமாவில் வைத்திருந்தான். வால்பாறைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பப் போகும் நேரத்தில், தன் சின்னக் கேமராவையும் மிச்சமிருந்த ஃபிலிம் ரோல்களையும் அவனிடம் இரவல் கொடுத்தார். கோட்டைமேட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அக்பர் அலி கேமராவைப் பிடித்தார். மில் நாடகக் குழுவிலிருந்து நாலைந்து பேர் சம்பளம் கேட்காமல் வந்தார்கள். வயிற்றுக்குக் கட்டுச்சோறு, வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கப் பட்டறையிலிருந்து கொண்டுபோன தகரத் தகடு. இவ்வளவுதான் அவர்கள் கம்பெனி.

கதை சின்னக் கதை. பட்டாளத்துக்குப் போன புருஷனுக்காகக் கிணற்றடியில் காத்திருக்கிறாள் ஒருத்தி. கடைசியில் சேதி வருகிறது, பொட்டை அழித்துக்கொள்கிறாள். நடிக்க ஒப்புக்கொண்ட நாடகக்காரப் பெண் வராமல் ஏமாற்றியதும், சமைக்க வந்திருந்த வரலட்சுமியைத் தம்பி கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினான். அக்பர் அலியின் சம்சாரம் சாஜிதா பேகம் தன் பூப்போட்ட சேலையைக் கொடுத்தனுப்பினாள்.

“கறுப்பு வெள்ளைப் படம் அம்மணி. செவப்பு கறுப்பாத்தான் விழுகும். நல்லாப் பெருசா வெச்சுக்குங்க” என்று அக்பர் அலி சொன்னபோது வரலட்சுமி நெற்றிக்குக் கொண்டுபோன விரலைப் பாதியில் இறக்கினாள். கேமரா ஓட ஆரம்பித்த பிறகு தயங்கவில்லை.

பொட்டு வைத்த அந்த முகத்தை அவள் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. அவள் கல்யாணப் போட்டோவை, பார்த்தால் அழுவாளே என்று அண்ணன் கழற்றிப் பரணில் போட்டார். அதைக் கரையான் தின்றது. பூவும் பொட்டுமாக அவள் இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, தம்பியின் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் கிடந்த இரண்டு தகர டப்பாக்கள்.

அந்த டப்பாக்களைத்தான் வெங்கடம்மாள் இப்போது கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பாரு கண்ணு, அரங்கசாமி நாயாப் பேயா அலையறது இதுக்குத்தானே? பட்டறைக்காரருக்கு லேத்து மாதிரி அவனுக்கு இது. பூசையில வெக்காம உட்டுட்டா மனசு நோகமாட்டானா?”

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த வீட்டில் அரங்கசாமியின் பைத்தியத்தைக் கேலி பண்ணாத ஒரே ஆள் அவள்.

“வையுங்க அண்ணி” என்றாள் வரலட்சுமி.

“சுத்தியும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்குதே. மேலாக்கப் பொட்டு வெச்சாப் போதுமா, தொறந்து வெக்கோணுமா? நீதானே சமைக்கறதுக்குக் கூடப் போனே. சொல்லு.”

பூஜை விஷயத்தில் வரலட்சுமியிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. சின்ன வயசில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குப் பின்னால் பிள்ளைகளோடு பொறுக்கிய துண்டு ஃபிலிம்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே குட்டிக் குட்டியாக ராஜாவும் ராணியும் தெரிவார்கள்.

அக்பர் அலி கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரோல் மாற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். கண் பட்டுவிடக் கூடாது என்று செய்வதாக நினைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நடிக்கிறவளுக்கும் சமைக்கிறவளுக்கும் அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

“தொறந்தே வையுங்க அண்ணி. மூடி வெச்சா சாமி எப்படிப் பார்க்கும்?”

பிளாஸ்திரி கிழிந்தது. உள்ளே கறுப்புக் காகிதம். அதற்குள்ளே வழவழவென்று சுருண்ட நாடா. வரலட்சுமி நுனியைப் பிடித்துச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், இன்னும் கொஞ்சம். கிணறு இல்லை, தோட்டம் இல்லை, அவள் இல்லை. வெளிறிப்போன வெறும் நாடா.

“என்ன பாக்கறே?”

“ஒண்ணுமில்லீங்க அண்ணி.”

தன் முகம் அதில் விழவே இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். கட்டினவனுக்குத்தான் ஆகவில்லை என்றால் கேமராவுக்கும் ஆகாத முகமா இது? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு சந்தனத்தைக் குழைத்தாள்.

வெங்கடம்மாளுக்கோ வேறு யோசனை. “மில்லுல நூல்கழியைச் சாமிக்கு மாலையாப் போடுவாங்கல்ல? இதையும் அப்படிப் போட்டா என்ன?”

சரஸ்வதி படத்துக்குச் செவ்வந்தி மாலைக்கு மேலே இரண்டு ரோல் ஃபிலிமும் மாலையாக ஏறிற்று. கண்ட இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பட்டறையில் பூசணிக்காய் உடைந்துகொண்டிருந்தது. வேலைக்காரர்களுக்கெல்லாம் பொரிகடலை பொட்டலமும் புது வேட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார் சுந்தரராஜுலு. கொடுக்கிற கை தாராளம்தான், குறை சொல்ல முடியாது.

பட்டறை வாசலில், தோளில் கேமராப் பையோடு வந்து நின்றார் அக்பர் அலி. அரங்கசாமி ஓடிப்போய் வரவேற்றான்.

“வாங்க பாய். பொரி எடுத்துக்குங்க.”

“பொரி இருக்கட்டுங்க. தொரை நாளைக்குக் கப்பலுக்குக் கெளம்பறாரு. கேமராவை ராத்திரிக்குள்ள சேர்த்துப்போடோணும். ரோலு ரெண்டையும் குடுங்க, பம்பாய்க்கு அனுப்பி மருந்துல கழுவச் சொல்லலாம்.”

“மூணாவது?”

“இதுக்குள்ளயேதான் இருக்குது. அம்மணி பொட்டை அழிக்கற கடைசிக் காட்சி. ரோலு இன்னும் முழுசா ஓடலை. வெளிய எடுக்கறதுக்கு இருட்டுப் பை ஸ்டூடியோவுல கெடக்குது, போய்த்தான் எடுக்கோணும். கழுவறதுக்கு மின்ன துளி வெளிச்சம் பட்டாப் போதும், அத்தனையும் போச்சு.”

“மெட்ராஸ்ல சினிமாச் சங்கத்துக்காரங்க படத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க பாய். படம் நல்லா வந்துருச்சுன்னா அங்கயே ஒரு எடம் கெடைக்கும். இந்தப் பட்டறைக்கு ஒரு கும்பிடு.”

அக்பர் அலி சிரித்தார். “அதுக்கு மின்ன ஸ்டூடியோச் செவுத்துல ஒருக்கா ஓட்டி அம்மணிக்குக் காட்டோணும். வாக்குக் குடுத்திருக்கறேன்.”

“அக்காவுக்கென்னங்க அவசரம்? அவ எங்க போயிரப்போறா? மெதுவாக் காட்டிக்கலாம்.”

அக்பர் அலியின் சிரிப்பு நின்றுபோனது. அரங்கசாமி அதைக் கவனிக்கவில்லை. அவன் அப்போதே மெட்ராஸ் ரயிலில் பாதி தூரம் போயிருந்தான்.

இரண்டு பேரும் சுந்தரராஜுலுவோடு வீட்டுக்கு வந்தபோது பூஜைக்கு எல்லாம் தயார். நெய்த் தீபம் எரிந்தது. அரங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தான். சரஸ்வதி படத்தைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான்.

“எப்படி இருக்குது தம்பி?” என்று கேட்டாள் வெங்கடம்மாள், முகமெல்லாம் பூரிப்பாக. “உன்ற ஆயுதத்தையும் விடலை நான்!”

அவன் போட்ட கத்தலில் தீபம் அணையாதது ஆச்சரியம்.

“ஐயோ! அடப் பாவிகளா! யாரு தொறந்தது?”

“ஏன்டா, என்னாச்சு?” என்றார் சுந்தரராஜுலு. “நாடாதானே? நாளைக்குப் பூசை கலைச்சதும் சுத்தி எடுத்துக்கோ.”

அரங்கசாமி தலையில் அடித்துக்கொண்டான். வாசல் நடையிலேயே நின்றிருந்த அக்பர் அலிதான் மெதுவாகச் சொன்னார். “அண்ணா, அது கழுவாத ஃபிலிம். வெளிச்சத்துல காட்டிட்டாப் படம் போயிருமுங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாது.”

வெங்கடம்மாளின் முகம் விழுந்தது. “எனக்குத் தெரியாதுங்களே” என்றாள்.

“உங்களுக்கு என்னதான் தெரியும்? பொட்டு வெக்கத் தெரியும்! எதைக் கண்டாலும் பொட்டு! என்ற உசுரை எடுத்து மாலை போட்டு வெச்சிருக்கறீங்களே, உங்களை யாரு கேட்டா?”

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன் அவன். அந்த வாய்தான் இப்படிப் பேசிற்று. வெங்கடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வரலட்சுமியைக் கேட்டுத்தானுங்க தொறந்தேன்” என்றாள்.

அரங்கசாமி திரும்பினான். வரலட்சுமி சமையலறை நிலைப்படியில், சந்தனக் கிண்ணத்தோடு.

“நீயா அக்கா?”

“நான்தான் தொறக்கச் சொன்னேன்” என்றாள் அவள். “என்னைப் பாக்கலாம்னு நெனச்சேன்.”

அந்த இடத்தில் எவனாவது மனுஷனாக இருந்தால் வாயை மூடியிருப்பான். அரங்கசாமிக்குத் தன் படம் போனதுதான் பெரிதாக இருந்தது.

“உன்ற மூஞ்சிதான் அதுல பூராவும் இருந்துது! பூவும் பொட்டும் வெச்சு, கலர் சேலை கட்டி, எத்தனை பாடுபட்டு எடுத்தோம்! உன்ற கையாலயே அழிச்சுப்போட்டியே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. காலம் கடந்துவிட்டது.

“பூவும் பொட்டுமா?” என்றார் சுந்தரராஜுலு.

வெங்கடம்மாள் குனிந்து தாம்பாளத்திலிருந்த குங்குமக் கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்தாளா, கை தானாகச் செய்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வரலட்சுமி அதைப் பார்த்தாள். தம்பியின் கத்தலைவிட அதுதான் அவளைச் சுட்டது.

“ஏம்மா, உண்மையா?”

“ஆமாங்க அண்ணா. வெச்சுக்கிட்டேன்.”

“அன்னூருக்குப் பருத்தி எடுக்கறதைப் பாக்கப் போறதாச் சொல்லிட்டு...”

“பருத்தியும் எடுத்தோமுங்க.”

“சேலை யாரோடது?”

“எங்க ஊட்டுச் சேலைங்க” என்றார் அக்பர் அலி, தலையைக் குனியாமல்.

சுந்தரராஜுலு கத்துகிற மனிதர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். “உனக்கு நான் என்ன கொறை வெச்சேன் அம்மணி?” என்றார். குரல் உடைந்திருந்தது. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. சோறு போட்டார், நோம்பிக்கு நோம்பி வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை கடுத்துப் பேசியதில்லை. குறை என்று எதைச் சொல்வாள்?

பிறகு அக்பர் அலியிடம் திரும்பிக் கேட்டார். “எல்லாமே போச்சுதுங்களா பாய்?”

“ரெண்டு ரோலும் போச்சுங்க. ஒண்ணு கேமராவுக்குள்ள இருக்குது.”

“அதுல என்ன இருக்குது?”

அக்பர் அலி தயங்கினார். வரலட்சுமியைப் பார்த்தார். “அம்மணி பொட்டை அழிக்கற காட்சிங்க” என்றார்.

சுந்தரராஜுலு யோசித்தார். நியாயமான மனிதர், எதையும் யோசித்துத்தான் செய்வார். கடைசியில் தலையை ஆட்டினார்.

“அது இருக்கட்டும். அதுல ஒண்ணும் தப்பில்லை. அதை அனுப்பிக்குங்க.”

பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததாகவே அவர் நினைத்தார். அதைவிடக் கொடுமை, அரங்கசாமியின் முகம் மெல்லத் தெளிந்ததுதான்.

“பாய்” என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யோசிச்சுப் பாருங்க. அந்தக் காட்சியை மட்டுமே வெச்சு முடிச்சுப்போடலாமே. மின்னயும் இல்லை, பின்னயும் இல்லை. ஒரு பொம்பளை, ஒரு கெணறு, பொட்டை அழிக்கறா. மெட்ராஸ்காரங்க அசந்துபோவாங்க!”

அக்பர் அலி கேமராப் பையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.

மற்ற எல்லாவற்றிலும் கீரியும் பாம்புமாக இருக்கும் அண்ணனும் தம்பியும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். வரலட்சுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது அழுகை வரவில்லை. நெஞ்சு கொதித்தது. பொட்டோடு இருந்தவள் வெயிலில் போய்விட்டாள், அழித்தவள் மட்டும் பத்திரமாக இருக்கிறாள். அவளைத்தான் ஊர் ஊராகக் காட்டப்போகிறார்கள்.

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பாய் அண்ணா, அந்த ரோலு முழுசா ஓடிருச்சுங்களா?”

“இல்லீங்க அம்மணி. கொஞ்சம் மிச்சம் இருக்குது. மூச்சுப் புடிச்சு உடற நேரம் ஓடும்.”

“வாசல்ல வெளிச்சம் பத்துங்களா?”

அக்பர் அலி வெளியே எட்டிப் பார்த்தார். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெயில் தாராளமாகக் கிடந்தது. “பத்தும்” என்றார்.

“வரலட்சுமி!” சுந்தரராஜுலு எழுந்துவிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார். “இன்னிக்கு ஆயுதம் எதையும் தொடக்கூடாது. பூசை நாளு.”

“பூசையில வெச்சதைத்தானுங்க அண்ணா தொடக்கூடாது. கேமராவைப் பூசையில வெக்கலையே.”

அரங்கசாமிக்கு அப்போதுதான் விளங்கிற்று. “அக்கா, நான் எடுக்கறேன்...” என்று முன்னால் வந்தான்.

“நீ வேண்டாம்” என்றாள் அவள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பாய் எடுக்கட்டும்.”

அக்பர் அலி தோளிலிருந்து பையை இறக்கினார். திறக்கவில்லை. “ஒண்ணு சொல்லிப்போடறேன் அம்மணி. ஒரே ரோலு. இது கடைசியாத்தான் வரும். பொட்டை அழிச்சதுக்குப் பொறகு.”

“அதுக்குப் பொறகே வரட்டுங்க” என்றாள் வரலட்சுமி.

பூஜை அறை வாசல்படியை அவள் தாண்டினாள். வெங்கடம்மாளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சரஸ்வதியின் கழுத்தில் செத்துப்போன ஃபிலிம் காற்றுக்கு லேசாக ஆடிற்று.

“அண்ணி, குங்குமத்தைக் குடுங்க.”

வெங்கடம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கிண்ணத்தை அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. விடிந்ததிலிருந்து அரிவாள்மனைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் எலிப்பொறிக்கும், யாரையும் கேட்காமல் பொட்டு வைத்த கை அது.